சுவிட்ச் முதல் சவுரி வரை: யூத சமயச் சட்டம் குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஜெருசலேமின் வெள்ளிக்கிழமை மாலையைப் பற்றி வெளியான கட்டுரையில், யூதர்கள் உண்பது, உடுப்பது, கடன் கொடுப்பது வரை எல்லாவற்றையும் ‘ஹலாகா’ என்னும் சமயச் சட்டத்தின்படி அமைத்துக்கொள்ள முயல்கிறார்கள் என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம். எல்லா யூதர்களும் இச்சட்டத்தை ஒரே அளவில் கைக்கொள்வதில்லை. சீர்திருத்தப் பிரிவினர் இதில் பலவற்றை விட்டுவிட்டார்கள். கீழே சொல்லப்படுபவை ஆர்த்தடாக்ஸ் எனப்படும் மரபு வழுவாத யூதர்களின் நடைமுறைகள்.

மூவாயிரம் ஆண்டுப் பழைய சட்டத்தில் லிஃப்டும் இல்லை, ஃப்ரிட்ஜும் இல்லை. இன்றைக்கு இது கூடும், இது கூடாது என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
— மதுரை வாசகர்

போப்பாண்டவரைப் போன்ற ஒற்றைத் தலைமை யூத சமயத்தில் இல்லை. தோரா எனப்படும், பைபிளின் முதல் ஐந்து ஆகமங்களே அடிப்படை. அவற்றைச் சார்ந்து வாய்மொழியாக வழங்கிவந்த விதிகளை ரபி (யூத சமய அறிஞர்) யூதா என்பவர் கி.பி. 200-ஐ ஒட்டி மிஷ்னா என்ற பெயரில் தொகுத்தார். அந்த மிஷ்னாவின் வரிகளை வைத்துக்கொண்டு பாபிலோனிய அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடியதன் பதிவுதான் தல்மூத். வென்ற கருத்தோடு தோற்ற கருத்தையும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் வருகிறவருக்கு எது உதவும் என்று யாருக்குத் தெரியும்? 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் இவ்வளவையும் 14 நூல்களாக ஒழுங்குபடுத்தினார். பின்னர் சஃபேத் நகரின் யோசேப் காரோ எழுதிய ‘ஷுல்ஹான் ஆருக்’ என்ற சட்டத் தொகுப்பு 1565-இல் வெனிஸில் அச்சேறியது. அது செஃபார்தி எனப்படும் ஸ்பெயின் வழி யூதர்களின் வழக்கத்தையே பெரிதும் சொன்னதால், போலந்தின் கிராக்கோவிலிருந்த மோசே இஸ்ஸெர்லெஸ், ‘எங்கள் பக்கத்து வழக்கம் இப்படி’ என்று அஷ்கெனாசி எனப்படும் நடு, கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்காக ஆங்காங்கே குறிப்பெழுதிச் சேர்த்தார். இன்றும் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் அச்சாகின்றன.

நூலில் இல்லாத புதிய சிக்கல் வரும்போது, பாதிக்கப்பட்டவர் தம் ரபியிடம் கேட்கிறார். ரபிக்கும் பிடிபடாவிட்டால் அவர் தம்மைவிடப் பெரியவருக்கு எழுதுகிறார். பதில் எழுத்தில் வருகிறது, தொகுப்பாக அச்சாகிறது, அடுத்தவருக்கு முன்மாதிரியாகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியாவின் சூரா, பும்பெதிதா கல்விக்கூடங்களுக்கு எகிப்திலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கேள்விகள் வணிகர்களின் கையில் போயின, விடைகள் திரும்பி வந்தன. பத்திரிகைகளின் கேள்வி–பதில் பகுதிக்கு அதைவிட மூத்த உறவினர் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தப் பதில்களைப் படிக்கிறவருக்கு முதலில் கண்ணில் படுவது வசனங்களின் மேற்கோள் அன்று. ‘அந்தப் பொருள் எப்படிச் செய்யப்படுகிறது? உள்ளே என்ன நடக்கிறது? யார் செய்தார், எதற்காகச் செய்தார்?’ என்ற துருவல்தான். பாதித் தீர்ப்பு நூலைப் புரட்டுமுன்பே பொருளைத் தெரிந்துகொள்வதில் முடிந்துவிடுகிறது. கீழே உள்ள விடைகளில் இதைத் திரும்பத் திரும்பக் காணலாம்.

என் மகன் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தின் இஸ்ரேல் கிளையில் ஒருவர், வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை செல்பேசியைத் தொடவே மாட்டாராம். ஒரு பொத்தானை அழுத்துவது அவ்வளவு பெரிய உழைப்பா?
— நாகர்கோவில் வாசகி

உடல் நோவதை வைத்து இதை அளந்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஓய்வுநாளில் வீட்டுக்குள் கனமான மேசையை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வியர்க்க விறுவிறுக்க இழுத்துப் போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை; உட்கார்ந்த இடத்தில் இரண்டு எழுத்து எழுதுவதைத் தடுக்கிறது. பாலைவனத்தில் இஸ்ரவேலர் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தை அமைத்தபோது தேவைப்பட்ட தொழில்கள் எவையோ அவையே ஓய்வுநாளில் விலக்கப்பட்டவை என்பது ரபிகளின் கொள்கை. உழுதல், விதைத்தல், அரைத்தல், நெய்தல், எழுதுதல், கட்டுதல், தீ மூட்டுதல், தீ அணைத்தல் என மிஷ்னா 39 வேலைகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு தலைப்பு. அதன் கீழ் கிளைகள்.

அவற்றுள் ‘பிரித்தெடுத்தல்’ நம் வீடுகளுக்கு நன்கு பழக்கமான வேலை. முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்குகிறோமே, ஓய்வுநாளில் அது கூடாது. வேண்டாததை வேண்டியதிலிருந்து நீக்குவது குற்றம். வேண்டியதை வேண்டாததிலிருந்து கையால் எடுத்து, அப்போதே உண்பதற்காக என்றால் அது சாப்பிடும் முறை, குற்றமில்லை. முறம், சல்லடை போன்ற அதற்கென்றே உள்ள கருவிகளைத் தொடக்கூடாது. ஆகவே, ஒரு கிண்ணத்தில் கடலையும் திராட்சையும் கலந்திருந்து, ஒருவருக்குத் திராட்சை பிடிக்காது என்றால், அவர் கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம், திராட்சையைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கக்கூடாது. ஐரோப்பிய யூதர்கள் சனிக்கிழமைக்கு முள் நீக்கி அரைத்த மீன் உருண்டையை விரும்பிச் செய்ததற்கு இந்த விதியையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு.

இப்போது பொத்தானுக்கு வருவோம். மின்சாரம் வந்தபோது அது 39-இல் எதைச் சேரும் என்பதில் பெரும் விவாதம் எழுந்தது. பழைய குண்டு பல்பில் சிக்கல் குறைவு: உள்ளேயிருக்கும் உலோக இழை தகதகவெனக் காய்கிறது, உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சுவது தீ மூட்டுவதன் கிளை என்று மைமோனிடிஸே எழுதியிருக்கிறார். ஆனால் மின்விசிறியில் எந்த இழையும் காய்வதில்லையே? ‘ஹசோன் இஷ்’ என்று அறியப்பட்ட ரபி ஆவ்ரஹாம் கரெலிட்ஸ், அறுந்து கிடக்கும் மின்சுற்றை மூடி உயிர் கொடுப்பது ‘கட்டுதல்’ ஆகும் என்றார். ஜெருசலேமின் ரபி ஷ்லோமோ ஸல்மன் ஆவர்பாக் அதை ஏற்கவில்லை. கதவைத் திறந்து மூடுவதைப் போல நாள்தோறும் பலமுறை திறப்பதற்கும் மூடுவதற்குமாக உள்ள ஒன்றை எப்படிக் கட்டடம் என்பது? 1935-இல், இருபத்தைந்து வயதையொட்டி, மின்சாரத்தைப் பற்றி மட்டுமே அவர் ஒரு நூலை வெளியிட்டார். பிறர் சொன்ன காரணங்களை அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்ததைப் பார்த்தால், அனுமதித்துவிடுவார் என்றே தோன்றும். அனுமதிக்கவில்லை, மக்களிடம் வேரூன்றிவிட்ட விலக்கை மீற வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். காரணத்தில் இருவரும் எதிரெதிர். சுவிட்சை இருவருமே தொடவில்லை.

நடைமுறையில் வேலை எல்லாம் வெள்ளி மாலைக்கு முன்பே முடிந்துவிடும். விளக்குகளுக்கு டைமர் பொருத்தியிருப்பார்கள். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் எரியும் சிறு பல்பைக் கழற்றி வைத்துவிடுவார்கள். சமைத்த உணவு, சூடு தணியாதிருக்க, முன்கூட்டியே போட்டுவிட்ட மின்தட்டின் மேல் இருக்கும். இஸ்ரேலின் பல ஓட்டல்களில் லிஃப்ட் தானாகவே ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று ஏறி இறங்கும். யாரும் பொத்தானைத் தொட வேண்டியதில்லை. பத்தாம் மாடியில் தங்கியிருக்கும் வெளியூர் விருந்தினர் தெரியாமல் அதில் ஏறிவிட்டால் பொறுமையைச் சோதிக்கும் பயணம்தான்.

ஓய்வுநாளில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டால்?
— திண்டுக்கல் வாசகர்

உடனே தொலைபேசியை எடுக்க வேண்டும், வண்டியை ஓட்ட வேண்டும். உயிரைக் காப்பது ஓய்வுநாளைத் தள்ளிவைக்கிறது என்பதில் மாறுபாடே கிடையாது. லேவியராகமத்தில், கட்டளைகளைக் கைக்கொள்கிறவன் ‘அவற்றால் பிழைப்பான்’ என்றிருப்பதை எடுத்துக்காட்டி, அவற்றால் சாவதற்கு அவை தரப்படவில்லை என்று தல்மூத் வாதிடுகிறது. உயிருக்கு ஆபத்து என்ற ஐயம் இருந்தாலே போதும். அந்த நேரத்தில் ‘போன் செய்யலாமா?’ என்று ரபியிடம் கேட்டுக்கொண்டு நிற்பவன் இரத்தம் சிந்துகிறவனுக்குச் சமம். அப்படிக் கேட்கும் நிலைக்கு ஊரை விட்டுவைத்த ரபிக்கும் அது இழுக்கு. இவ்வேலையைச் சிறுவர்களையோ பிற சமயத்தவரையோ ஏவிச் செய்யாமல் ஊரின் அறிஞர்களே முன்நின்று செய்ய வேண்டும் என்கிறார் மைமோனிடிஸ், தாமே மருத்துவராக இருந்தவர்.

பிரசவ வலியில் இருப்பவளுக்காக விளக்கேற்றலாம் என்று ஒரு விதி. அவள் பார்வையற்றவளாக இருந்தால்? விளக்கால் அவளுக்கு என்ன பயன்? அப்போதும் ஏற்றத்தான் வேண்டும் என்கிறது தல்மூத். ‘எனக்குத் தெரியாவிட்டாலும், எதாவது ஆனால் கூட இருப்பவளுக்குத் தெரியும்’ என்று அவள் மனம் அமைதியடையுமாம். மொத்த தல்மூத்திலும் எமக்கு மிகவும் பிடித்த வரிகளில் இது ஒன்று.

நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, தெருவோர மின்கம்பங்களில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ‘இது இருப்பதால்தான் பக்கத்து வீட்டு யூதர்கள் சனிக்கிழமை குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறார்கள்’ என்றாள் மகள். விளங்கவில்லை.
— திருச்சி வாசகி

மகள் சொன்னது சரி. 39 வேலைகளில் கடைசியானது, தனியிடத்திலிருந்து பொதுவிடத்துக்கோ அங்கிருந்து இங்கோ ஒன்றைச் சுமந்து செல்வது. வீட்டுச் சாவியானாலும் கைக்குழந்தையானாலும் தெருவுக்கு எடுத்துவரக்கூடாது. ஆனால் சுவர் சூழ்ந்த பல வீடுகள் சேர்ந்து ஒரே வளாகமாகிவிட்டால் அதற்குள் சுமக்கலாம். இனி சுவர் எது என்ற கேள்வி. சுவரில் வாசல்கள் இருப்பது இயல்புதானே? இரண்டு நிலைக்கால்களும் மேலே ஓர் உத்தரமும் இருந்தால் அது சட்டப்படி வாசல். எனவே கம்பங்களையும் அவற்றின் மேல் ஓடும் கம்பியையும் கொண்டு, வாசல்களாலேயே ஆன ஒரு சுவரை ஊரைச் சுற்றி எழுப்பிவிடலாம். இந்த ஏற்பாட்டுக்கு ‘எருவ்’ என்று பெயர்.

நீங்கள் பார்த்த பட்டைக்குக் காரணம் இதுதான்: உத்தரம் நிலைக்காலின் தலைக்கு மேலே போக வேண்டும், பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு போகக்கூடாது. மின்வாரியத்தின் கம்பியோ பெரும்பாலும் கம்பத்தின் பக்கவாட்டில்தான் போகும். அதனால் அந்தக் கம்பிக்கு நேர் கீழே வருமாறு ஒரு பட்டையைப் பொருத்தி, அதையே நிலைக்காலாகக் கொள்கிறார்கள். புயலில் ஒரு கம்பி அறுந்தாலும் மொத்தமும் செல்லாது என்பதால் ஒவ்வொரு வாரமும் ஒருவர் சுற்றிவந்து பார்த்து, ‘இந்த வாரம் சரியாக உள்ளது’ என்று அறிவிப்பார். வளாகத்தார் எல்லாருக்கும் பொதுவான உணவாகப் புளிக்காத அப்பத்தைத் தொழுகைக்கூடத்தில் வைத்திருப்பதும், பிறர் வாழும் பகுதிக்காக நகர அதிகாரியிடம் சிறு தொகை கொடுத்து ஒருவகைக் குத்தகை பெறுவதும் இதன் உறுப்புகள். அதே நியூஜெர்சியின் டெனஃப்லை என்ற ஊரில், பட்டைகளை அகற்ற வேண்டும் என்று நகராட்சி சொன்னது வழக்காகி, 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் யூதர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

கோகோ கோலா யூதர்களுக்காகத் தன் இரகசியக் கலவையையே மாற்றியது என்று படித்தேன். உண்மையா?
— கோயம்புத்தூர் வாசகர்

உண்மை. கோகோ கோலாவின் தலைமையகம் அட்லாண்டா நகரில். அவ்வூரின் ரபி டோபியாஸ் கெஃபென், லிதுவேனியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். பக்கத்திலேயே இருக்கிறாரே என்று நாட்டின் பிற ரபிகள் அவருக்கு எழுதினார்கள்: யூதப் பிள்ளைகள் இதைக் குடிக்கிறார்கள், குடிக்கலாமா? கெஃபென் நிறுவனத்தை அணுகினார். வெளியில் சொல்வதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் சேர்மானப் பட்டியல் அவருக்குக் காட்டப்பட்டது. அதில் இருந்த கிளிசரின், விலங்குக் கொழுப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

அளவு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. விலக்கப்பட்ட ஒன்று தவறிப்போய் உணவில் விழுந்து, அது அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் இல்லாததாகவே கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அதைச் சொல்லிக் கோப்பை மூடியிருக்கலாம். கெஃபென் மூடவில்லை. அந்த விதி தவறி விழுந்ததற்கு. திட்டமிட்டுச் சேர்க்கிற ஒன்றுக்கு அதைப் பொருத்த முடியாது என்றார். நிறுவனம் பருத்திக்கொட்டை, தேங்காய் எண்ணெய்களிலிருந்து எடுத்த கிளிசரினுக்கு மாறியது. பஸ்கா பண்டிகையின்போது தானியம் புளித்து உண்டாகும் எதுவும் கூடாது என்பதால், தானியத்திலிருந்து வந்த சிறிதளவு ஆல்கஹாலுக்கும் மாற்று கண்டார்கள். 1935-இல் கெஃபென் தம் அனுமதித் தீர்ப்பை எழுதினார். நிறுவனத்தின் இரகசியத்தைக் காக்க, அத்தீர்ப்பில் பொருள்களை மறைபெயர்களால்தான் குறித்தார். ஆவர்பாக்கின் மின்சார நூல் வெளிவந்ததும் இதே ஆண்டு என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

பிற்காலத்தில் அமெரிக்காவில் இனிப்புக்கு மக்காச்சோளப் பாகு சேர்க்கத் தொடங்கினார்கள். அஷ்கெனாசிகள் பஸ்காவில் சோளம், அரிசி, பருப்பு எதையும் தொடுவதில்லை. ஆகவே அந்தப் பருவத்தில் சர்க்கரை சேர்த்த பாட்டில்கள் மஞ்சள் மூடியோடு கடைக்கு வருகின்றன.

நாங்கள் முட்டையும் சேர்க்காத சுத்த சைவம். யூத நண்பர் வீட்டுக்கு வந்தால் கவலையின்றி விருந்து வைக்கலாம் அல்லவா?
— மயிலாப்பூர் வாசகி

பாதிக் கவலை போகும், மீதி இருக்கும். பன்றி, இறால், இறைச்சியோடு பால் கலத்தல் ஆகிய பெரிய விலக்குகள் உங்கள் சமையலறையில் எழவே இடமில்லை. ஆனால் கீரை, காலிஃபிளவர், பருப்பு, மாவு ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் பூச்சி, யூதச் சட்டத்தில் பன்றி இறைச்சியைவிடக் கடும் விலக்கு. இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உப்பு நீரில் அலசி எடுப்பவர்கள் அவர்கள். பச்சையாக உண்ண முடியாததும் அரசர் பந்திக்குத் தகுதியானதுமான பண்டத்தைப் பிற சமயத்தவரே முழுக்கச் சமைத்தால் உண்ணக்கூடாது என்றும் ஒரு விதி. அஷ்கெனாசியானால் அவர் வந்து அடுப்பைப் பற்றவைத்தாலே போதும். செஃபார்தியானால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதும் அவர் கையால் நடக்க வேண்டும். கடையில் வாங்கிய பாலாடைக்கட்டி விலங்கின் இரைப்பை நொதியால் உறைந்ததா என்பது இன்னொரு கேள்வி.

பாலிலும் ஒன்று உண்டு. விலக்கப்பட்ட விலங்கின் பால் கலந்துவிடக்கூடும் என்பதால், கறவையின்போது யூதர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. நியூயார்க்கின் ரபி மோஷே ஃபைன்ஸ்டைன், அரசின் ஆய்வும் அபராதமும் இருக்கும் இடத்தில் யாரும் கலக்கத் துணியமாட்டார், அந்தக் கண்காணிப்பே நேரில் பார்த்ததற்குச் சமம் என்று தீர்ப்பளித்தார். பலர் ஏற்றார்கள், சிலர் இன்றும் ஏற்கவில்லை.

ஆகவே நண்பரிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். கேட்டால் அவர் கோபிக்கமாட்டார், மகிழ்வார். முழு வாழைப்பழம், ஆரஞ்சு, கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது என்ற) முத்திரையுள்ள பிரிக்காத பொட்டலம், காகிதத் தட்டு ஆகியவை பெரும்பாலும் பிரச்சினை தராதவை.

வட்டி வாங்கக்கூடாது என்று பைபிள் சொல்கிறது. இஸ்ரேலில் வங்கிகள் எப்படி நடக்கின்றன?
— காரைக்குடி வாசகர்

காரைக்குடியிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் வியப்பு. யூதர் யூதரிடம் வட்டி வாங்குவதும் கொடுப்பதும் இரண்டுமே விலக்கு. போலந்தில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ‘ஹெத்தேர் இஸ்கா’ என்ற ஒப்பந்தம் உருப்பெற்றது. பணம் தருபவர் கடன் தரவில்லை, தொழிலில் கூட்டாளியாகப் பணம் போடுகிறார். இலாபத்தில் அவருக்குப் பங்கு, நட்டத்திலும் பங்கு. நட்டம் வந்தது என்றால் சாட்சிகளைக் கொண்டும், இலாபம் இவ்வளவுதான் என்றால் சத்தியம் செய்தும் மெய்ப்பிக்க வேண்டும். அந்தச் சங்கடம் வேண்டாம் என்பவர் முன்பே குறித்த தொகையைக் கட்டிவிட்டால் கணக்கு முடிந்தது. இஸ்ரேலிய வங்கிகள் இத்தகைய பத்திரத்தில் கையொப்பமிட்டிருக்கின்றன. பெயரை மாற்றி வைத்த வட்டிதானே என்று கேட்கலாம். யூத அறிஞர்களுக்குள்ளேயே அப்படிக் கேட்டவர்கள் உண்டு. முதலீடு என்று சொல்லிவிட்டு வீட்டுச் செலவுக்குக் கடன் வாங்குகிறவருக்கு இது எப்படிப் பொருந்தும் என்பது எமக்கும் முழுதாக விளங்கவில்லை.

திருப்பதியில் நாம் இறக்கும் முடியால் யூதர்களிடையே பெரும் சர்ச்சை வந்ததாமே?
— வேலூர் வாசகி

வந்தது, 2004 மே மாதத்தில். மணமான யூதப் பெண் தன் கூந்தலை மறைக்க வேண்டும். அஷ்கெனாசிப் பெண்கள் பலர் இதற்கு விக் அணிகிறார்கள். (செஃபார்திகளின் தலைவராக விளங்கிய ரபி ஒவாதியா யோசேப் இதைக் கடுமையாக எதிர்த்தவர், துணியால்தான் மூட வேண்டும் என்பது அவர் கட்சி.) நல்ல விக்குக்கு மனித முடி வேண்டும், உலகச் சந்தைக்கு மனித முடி தரும் பெரிய ஊற்றுகளில் ஒன்று திருமலை. காணிக்கை முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுவது நமக்குத் தெரிந்ததே.

பிற தெய்வத்துக்குப் படைத்த பொருளிலிருந்து எந்தப் பயனும் பெறக்கூடாது என்பது யூதச் சட்டம். உண்ணக்கூடாது என்பதோடு நிற்கவில்லை. விற்கவும் கூடாது, அணியவும் கூடாது. அறுபதில் ஒன்று என்ற சலுகையும் இதற்குக் கிடையாது. நம் வழிபாட்டை அச்சட்டம் எந்தப் பெட்டியில் போடுகிறது என்பது நமக்கு உவப்பாக இராது. அதை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர்கள் எதைத் துருவினார்கள் என்று பார்ப்போம். கேள்வி ஒன்றுதான்: அந்த முடி ‘படைக்கப்பட்டதா’?

படைக்கப்படவில்லை என்பவர்களின் வாதம் இது. முடி இறக்கும் இடம் கல்யாணக்கட்டா; கோயிலுக்கு வெளியே உள்ள கட்டடம். மழிப்பவர் நாவிதர், அர்ச்சகர் அல்லர். முடி சந்நிதிக்குப் போவதே இல்லை. தரையில் விழுகிறது, கூட்டி எடுக்கப்படுகிறது. பக்தர் கொடுப்பது தம் அழகையும் அகந்தையையும். முடி வெறும் மிச்சம். ஜெருசலேமில் அஷ்கெனாசிகள் பெரிதும் மதித்த ரபி யோசேப் ஷாலோம் எல்யாஷிவ் முன்பு இத்தகைய விவரங்களை நம்பி இடங்கொடுத்திருந்தார். பின்னர் ஐயம் வலுத்தபோது, லண்டனைச் சேர்ந்த ரபி ஆரோன் டன்னர் திருப்பதிக்கே நேரில் வந்து பக்தர்களிடமும் மழிப்பவர்களிடமும் விசாரித்தார். முடியையே சாமிக்குக் கொடுப்பதாகத்தான் மக்கள் கருதுகிறார்கள், மழித்தலே வழிபாட்டின் பகுதி என்று அவர் கண்டதைக் கேட்டு, எல்யாஷிவ் தடை விதித்தார். தல்மூத்தில் இதற்கு ஓர் ஒப்புமையும் இருந்தது: கோலால் வழிபடப்படும் தெய்வத்தின் முன் ஒருவன் கோலை ஒடித்தால் அது பலியிடுதல் போன்றதா என்று ஒரு விவாதம். ஒடிப்பதும் மழிப்பதும் ஒன்றா என்று புதிய சண்டை அதன்மேல் கிளம்பியது.

ஒரே வாரத்தில் புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் பெண்கள் ஆயிரக்கணக்கான டாலர் பெறும் விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். பலர் செயற்கை இழைக்கும் துணிக்கும் மாறினார்கள். வேறு ரபிகள், முடி படையல் ஆகாது என்ற பழைய நிலையிலேயே நின்றார்கள். அதன்பின் விக் விற்பவர்கள் முடி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று ரபிகளிடம் சான்று பெறத் தொடங்கினார்கள்.

எந்தத் தரப்பு சரி? நம் ஊரில் ஒரே குடும்பத்தில் விசாரித்திருந்தாலும் இரண்டு விடையும் கிடைத்திருக்கும். ‘வேண்டுதலை நிறைவேற்றினேன், முடி என்ன ஆனால் என்ன’ என்பார் மகன். பாட்டியோ, பெருமாளின் தலைக்காயத்தை மறைக்கத் தன் கூந்தலையே அறுத்துக் கொடுத்த நீலாதேவியின் கதையைச் சொல்லி, பக்தர்களின் முடி அவளைத்தான் சேர்கிறது என்பார். பாட்டியின் பேச்சை வைத்துப் பார்த்தால் எல்யாஷிவின் பக்கமே தராசு சாய்கிறது என்பது எம் எண்ணம்.

நம் பக்கத்து யூதர்களும் இப்படி வெளிநாட்டு ரபிகளிடம் கேள்வி கேட்டதுண்டா?
— கன்னியாகுமரி மாவட்ட வாசகர்

உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து ஒரு கேள்வி கெய்ரோவில் இருந்த ரபி தாவீது இப்னு சிம்ராவுக்குப் போயிற்று. கொச்சி யூதர்களில் ஒரு சிறு பிரிவினர் தாங்களே தூய குலத்தவர் என்று கூறிக்கொண்டு, மற்றவர்களை அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கி, அவர்களோடு மணவுறவு கொள்ள மறுத்தார்கள். ஒதுக்கப்பட்டவர்களிடம் செல்வமும் கல்வியும் பக்தியும் குறைவில்லை. இது முறையா என்பதே கேள்வி. சடங்கு முறைப்படி நீரில் மூழ்கியெழுந்தால் அவர்கள் முழு யூதர்கள், மணவுறவுக்குத் தடையில்லை என்று இப்னு சிம்ரா எழுதினார். அவருடைய மாணவர் யாக்கோபு காஸ்ட்ரோவும் பின்னர் அதே முடிவைச் சொன்னார்.

கொச்சி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1568-இல் கட்டிய பரதேசித் தொழுகைக்கூடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் எனப்பட்டவர்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் பெஞ்சில் அமர முடியாமல் தரையில் உட்கார்ந்தார்கள். தோராவைப் படிக்க அவர்களை அழைப்பதில்லை. அவர்களுள் ஒருவரான ஆப்ரகாம் பராக் சேலம், சென்னையில் படித்துப் பட்டம் பெற்ற வழக்கறிஞர், காந்தியின் வழியில் சத்தியாக்கிரகம் நடத்தித்தான் அந்தத் தடைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். தீர்ப்பு அதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கெய்ரோவிலிருந்து வந்துவிட்டது.